நாய் படுக்கிற இடத்தில் மேசை போடுங்கள்: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் முதலில் மாடி ரூமில்தான் மேசை போட்டேன். மதுரைக்குப் பக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீடு. மாடியில் தனி ரூம், நல்ல காற்று, கீழே மிக்சி ஓடினாலும் மீட்டிங்கில் கேட்காது, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மேசைக்குப் பக்கத்தில் செவலைக்கும் ஒரு மெத்தை வாங்கிப் போட்டேன். செவலை எங்கள் நாட்டு நாய். 18 கிலோ, பெயருக்கேற்ற நிறம்.

மார்ச் வரை ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் நடுவில் அவள் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் நான்கு படி ஏறி வந்து நின்று பார்ப்பாள், திரும்பி இறங்கிப் போய்விடுவாள். கீழே நடையில், தண்ணீர்க் குடம் வைக்கும் திண்டுக்குப் பக்கத்தில், சிவப்புச் சிமென்ட் தரையில் வயிற்றை அப்பிக்கொண்டு படுத்திருப்பாள். ஒரு நாள் பகல் இரண்டு மணிக்குத் தலைவலி தாங்காமல் நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது. மாடியில் இரைந்துகொண்டிருந்த லேப்டாப்பின் விசிறிகூடக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அந்த வாரமே மேசையைக் கீழே இறக்கினோம்.

நாய் வளர்ப்பவர்கள் வீட்டில் வேலை பார்க்க இடம் அமைக்கும்போது பெரும்பாலும் மேசையை முதலில் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் நாய்க்கு மெத்தை விரிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் நாயின் இடம், அப்புறம் அதைச் சுற்றி உங்கள் மேசை. மதுரை வெயிலில் நாய்க்கு ஒத்துக்கொள்கிற இடம் உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும், கம்ப்யூட்டருக்கும் ஒத்துக்கொள்ளும்.

முதல் படி: ஒரு வாரம் நாயைக் கவனியுங்கள்

எதையும் வாங்காதீர்கள், எதையும் நகர்த்தாதீர்கள். ஒரு தாளில் காலை 10, பகல் 2, மாலை 5, இரவு 9 என்று கட்டம் போட்டு, அந்தந்த நேரத்தில் நாய் எங்கே படுத்திருக்கிறது, எப்படிப் படுத்திருக்கிறது என்று ஏழு நாள் குறித்து வையுங்கள்.

எப்படி என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து நான்கு காலையும் நீட்டிக் கிடந்தால் அந்த இடத்தில் அதற்குப் பயமில்லை, சுகமாக இருக்கிறது. வயிற்றைத் தரையோடு ஒட்டி, பின்னங்கால்களைத் தவளை போலப் பின்னால் நீட்டியிருந்தால் உடம்புச் சூட்டைத் தரைக்கு இறக்குகிறது. பந்து போலச் சுருண்டிருந்தால் குளிர்கிறது, அல்லது ஆள் நடமாட்டத்துக்கு ஒடுங்கியிருக்கிறது. உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தால் அங்கே அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

பகல் 2 மணிக் கட்டத்தில் எந்த இடம் அதிகம் வருகிறதோ அதுதான் உங்கள் அலுவலகம். அது தனி ரூமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. நடையாக இருக்கலாம், மாடிப்படிக்கு அடியாக இருக்கலாம், பின்வாசல் பக்கமாக இருக்கலாம். நான்கடிக்கு இரண்டடி மேசை போட்டு, பக்கத்தில் நாய் காலை நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும்.

நாயின் தேர்வை இவ்வளவு நம்பலாமா என்றால், நம்பலாம். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும், ஃபேன் போட்டால் அந்த வேர்வை காய்ந்து குளிர்ச்சி தரும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த தரையைத் தேட வேண்டும். 'ஃபேன் ஓடுதே, போதும்' என்று நமக்குத் தோன்றும் ரூம் பல நேரம் அதற்குப் போதாது. அதனால் வீட்டிலேயே குளிர்ச்சியான தரை எது என்று நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

நம் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் கீழ்த்தளத்தில், வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் இன்னொரு ரூம் இருக்கும் இடமாகத்தான் அமையும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள ரூம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் இறக்கும். மேற்குச் சுவர் மாலை நான்கு மணிக்குத் தொட்டால் சுடும். அமெரிக்க நேரத்துக்கு இரவு வேலை பார்ப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். மாடி ரூமின் மோசமான நேரம் இரவு எட்டு, ஒன்பது மணிதான்.

மாடி ரூமை விட்டால் வேறு வழியில்லையா? சரி, அப்படியானால் மேலிருந்து ஆரம்பியுங்கள். மொட்டைமாடியில் சுண்ணாம்பு அல்லது வெள்ளைக் குளிர்கூரைப் பெயின்ட் அடித்தால் ரூமில் வித்தியாசம் தெரியும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டுங்கள். உள்ளே கனமான திரை போடுவதால் பெரிய பயனில்லை, கண்ணாடியைத் தாண்டி வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. சென்னை அளவுக்கு மதுரை புழுங்காது. கோடையில் காற்று காய்ந்திருக்கும் நாட்களில் ஏர் கூலர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மூடிய ரூமில் ஈரம் தேங்கிப் புழுங்கும். ஏசி போடுகிறவர்கள் 26 டிகிரியில் வைத்து, காற்று நேராகப் படுக்கையில் அடிக்காமல் திருப்பிவிடுங்கள்.

நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. விடாமல் இரைப்பது, எச்சில் கெட்டியாக வடிவது, ஈறு கருஞ்சிவப்பாக மாறுவது, நடை தள்ளாடுவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் மீட்டிங்கை விட்டு எழுந்துவிடுங்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, ஃபேனுக்கு அடியில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஐஸ் வேண்டாம். மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் எண்ணை மேசைக்கு எதிரே சுவரில் எழுதி ஒட்டுங்கள். மதுரை தல்லாகுளத்தில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு முறை போய்ப் பார்த்து வைப்பது நல்லது.

இரண்டாம் படி: தரையும் படுக்கையும்

பஞ்சு மெத்தையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சித்திரை, வைகாசியில் எந்த நாயும் அதில் படுக்காது. உண்ணிக்கு ஒளிந்துகொள்ள வசதியான இடமும் அதுதான். நம்மிடம் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது: நாடாக் கட்டில். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் குட்டையான கட்டிலாக ஆசாரியிடம் சொல்லி அடித்து வாங்கலாம். மேலேயும் கீழேயும் காற்று போகும், கழுவி வெயிலில் சாய்த்து வைக்கலாம், நாடா தளர்ந்தால் மாற்றிப் பின்னிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் நாடாவைவிடப் பருத்தி நாடா மேல், உடம்பில் ஒட்டாது.

அளவு எடுப்பது எளிது. நாய் காலை நீட்டித் தூங்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு ஒரு சாண் சேருங்கள். செவலைக்கு மூன்றரை அடி வந்தது. சிப்பிப்பாறை, கன்னி இன நாய் வளர்ப்பவர்கள் கட்டிலின் மேல் ஒரு பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். அந்த நாய்களுக்கு உடம்பில் சதைப்பற்று குறைவு, முழங்கையும் இடுப்பெலும்பும் உரசிக் காய்த்துப்போகும்.

வெயில் காலத்தில் கட்டிலை விட்டுத் தரையில்தான் படுப்பேன் என்று நாய் அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அதற்கென்று வெறும் தரை கொஞ்சம் இருக்கட்டும்.

சிவப்புச் சிமென்ட், மொசைக் தரையில் நாய்க்குச் சிரமமில்லை. பளபளவென்று மின்னும் வெர்ட்டிஃபைடு டைல்ஸ்தான் தொந்தரவு. கால் வழுக்கி வழுக்கி எழுந்தால் இடுப்பு மூட்டுக்குக் கேடு. லாப்ரடார் போன்ற கனத்த நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு ஏற்கெனவே அதிகம் வரும். கட்டிலிலிருந்து வாசல் வரை, தண்ணீர்ச் சட்டி வரை ஒரு பாதை போல ரப்பர் அடியுள்ள மிதியடிகளை வரிசையாகப் போட்டுவிடுங்கள். பாதத்து ரோமத்தை மாதம் ஒரு முறை கத்தரியுங்கள், நகத்தையும் வளரவிடாதீர்கள்.

தண்ணீருக்கு அகலமான மண்சட்டி போதும். மண்ணில் கசிகிற ஈரம் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரவைக்கும், கனமாக இருப்பதால் இடறினாலும் கவிழாது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 மில்லி என்பது கணக்கு. செவலைக்கு ஒரு லிட்டர், கோடையில் ஒன்றரைக்கும் மேல். மேசையிலிருந்தும் பிளக் பாயின்டிலிருந்தும் நான்கடியாவது தள்ளி வையுங்கள். சில நாய்கள் குடித்துவிட்டு வாயிலிருக்கும் தண்ணீரையெல்லாம் ரூம் முழுக்க வடித்துக்கொண்டு வரும்.

மூன்றாம் படி: மேசை, நாற்காலி

மேசை உயரம், திரையின் உயரம் பற்றி எல்லாருக்கும் தெரியும்: முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டும், திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்கவேண்டும், ஜன்னல் பக்கவாட்டில் இருக்கவேண்டும். நாய் இருக்கும் வீட்டில் இதற்கு மேல் இரண்டு விஷயம் உண்டு.

ஒன்று, மேசைக்கு அடியில் குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது. எங்கே கட்டில் போட்டாலும் இடி இடித்தால் நாய் உங்கள் காலடிக்குத்தான் வரும். அது நுழையவும் திரும்பவும் வெளியே போகவும் வழி வேண்டும். நான் பழைய தேக்குக் கதவு ஒன்றை இரண்டு இரும்பு ஸ்டாண்டின் மேல் போட்டிருக்கிறேன். அடி முழுக்கக் காலி.

இரண்டாவது, நாற்காலியின் சக்கரம். இதை வலியோடு சொல்கிறேன். மேசையைக் கீழே கொண்டுவந்த புதிதில் செவலை எனக்குப் பின்னால் வந்து படுப்பாள். ஒரு மீட்டிங் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியபடி நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். சக்கரம் அவள் வால் நுனியில் ஏறிவிட்டது. அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தோல் கிழிந்து, கட்டுப் போட்டு, அவள் வாலை ஆட்டும்போதெல்லாம் புண் சுவரில் பட்டுத் திறந்து, ஆறுவதற்கு மூன்று வாரம் ஆனது. வால் நுனிப் புண் லேசில் ஆறாத புண் என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் செய்தவை: கட்டிலை மேசைக்குப் பின்னால் வைக்காமல் இடதுபக்கம், என் கண்ணில் படும் இடத்துக்கு மாற்றினேன். நாற்காலிக்குப் பின்னால் இரண்டரை அடி தள்ளி, தரையில் ஒரு மர ரீப்பரைக் குறுக்கே ஒட்டினேன். இரண்டு அங்குல உயரம்தான், சக்கரம் அதைத் தாண்டாது, நாயும் அதற்கு அந்தப் பக்கம் படுக்கப் பழகிவிட்டது. புதிதாக நாற்காலி வாங்குகிறவர்கள் சக்கரமில்லாத, நான்கு கால் நாற்காலியாகவே வாங்கிவிடுங்கள். சக்கர நாற்காலி ஏற்கெனவே இருந்தால் சக்கரத்தைப் பிடுங்கிவிட்டு ரப்பர் கால் மாட்ட முடியுமா என்று கேளுங்கள், பல நாற்காலிகளில் முடியும்.

நான்காம் படி: தரையில் படுத்து ஒயர்களைப் பாருங்கள்

நிஜமாகவே படுங்கள். குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து மேசைக்கு அடியில் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது தெரியாததெல்லாம் தெரியும்: தொங்கும் சார்ஜர், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சுருண்டு கிடக்கும் இன்டர்நெட் கேபிள். குட்டிக்கு நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை பால் பல் விழுந்து பல் முளைக்கும். ஈறு நமநமவென்று இருக்கும்போது ஒயர் அதற்கு நல்ல தீனி.

செய்யவேண்டியது இதுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேசைப் பலகையின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். சார்ஜர்களையும் அங்கேயே ஒரு கம்பிக் கூடையில் அடுக்குங்கள். மேசையிலிருந்து சுவர் பிளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகவேண்டும், அதையும் பிவிசி கேப்பிங்குக்குள் விட்டுச் சுவரோடு அடியுங்கள். தரையில் ஒரு ஒயர்கூடப் படக்கூடாது. கசப்புத் தைலம் தடவினால் கடிக்காது என்பார்கள், அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

அப்புறம் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். இ.எல்.சி.பி. என்றுதான் பலரும் சொல்வார்கள். மின்சாரம் உடம்பு வழியாகக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பது அது. சாதாரண டிரிப்பர் அதைச் செய்யாது. மாதம் ஒரு முறை அதிலிருக்கும் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள், மின்சாரம் போகவேண்டும். நாய்க்காக மாட்டினாலும் வீட்டிலிருக்கும் எல்லாருக்கும் அது காவல்.

நாய் ஒயரைக் கடித்து ஷாக் அடிப்பதைப் பார்த்தால் நாயைத் தொடாதீர்கள், ஓடிப்போய் மெயினை அணையுங்கள். அதற்குப் பிறகு எழுந்து சாதாரணமாக நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஷாக் அடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுண்டு.

ஐந்தாம் படி: கரண்ட் போகும் நாளுக்குக் கணக்குப் போடுங்கள்

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை ஒன்பது, பத்து மணிக்குப் போகும் கரண்ட் மாலைதான் வரும். முதல் நாள் பேப்பரில் உங்கள் ஏரியா பெயர் வந்திருக்கும். லேப்டாப் ஓடினால் போதும் என்று இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் ஃபேனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மே மாதத்தில் நாய்க்கு வேண்டியது அந்த ஃபேன்தான்.

150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. இழப்பெல்லாம் போக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1,200 கைக்கு வரும் என்று வையுங்கள். லேப்டாப் 60 வாட், தனித் திரை 25, ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் 15, பழைய மாடல் சீலிங் ஃபேன் 75. மொத்தம் 175 வாட். வகுத்தால் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலை பத்துக்குப் போனால் மாலை ஐந்துக்கு இழுத்துப் பிடித்துத்தான் வரும், பேட்டரி இரண்டு மூன்று வருடம் பழசென்றால் வராது. அதே ஃபேனைப் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 30 வாட்தான். மொத்தம் 130 ஆகிறது, ஒன்பது மணி நேரம் தாங்கும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு. என் பட்ஜெட்டில் மிக உருப்படியாகச் செலவான காசு அந்த ஃபேனுக்குக் கொடுத்ததுதான்.

பேட்டரியை நாய் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது அமிலம், சார்ஜ் ஏறும்போது வாயுவும் வெளியேறும். காற்றோட்டமான வேறு இடத்தில், மூடியுள்ள டிராலியில் இருக்கட்டும்.

ஆறாம் படி: மீட்டிங்கும் குரைப்பும்

மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை. கேஸ் சிலிண்டர்க்காரர் தெருமுனையில் உருட்டும்போதே அதற்குத் தெரிந்துவிடும். குரைக்காதே என்று அதட்டுவது நாய்க்கு நாமும் கூடவே குரைப்பது மாதிரித்தான் படும். அதனால் குரைக்கும் காரணத்தைக் குறைக்க வேண்டும், குரைப்பதற்குப் பதிலாகச் செய்ய ஒரு வேலையைக் கொடுக்கவும் வேண்டும்.

காரணத்தைக் குறைக்க: தெருவைப் பார்த்த ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு, நாயின் கண் மட்டத்துக்கு மேல் வரை, பனிக்கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. கேட்டில் 'பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும்' என்று எழுதி மாட்டுங்கள். பார்சல் கொண்டுவரும் தம்பிகள் இரண்டு மூன்று முறையில் பழகிவிடுகிறார்கள்.

மாற்று வேலை என்றால் கட்டிலில் ஏறிப் படுப்பதுதான். அதைக் கற்றுக்கொடுக்க இரண்டு மூன்று வாரம், நாளுக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், உப்பு மசாலா கூடாது. முதல் சில நாள் ஒரு வார்த்தையும் சொல்லவேண்டாம். நாய் தானாகக் கட்டிலில் ஏறும்போது, நான்கு காலும் மேலே வந்ததும், ஒரு துண்டைக் கட்டிலின் மேலேயே வையுங்கள். கையில் கொடுத்தால் அது கையைத் தேடி வரும், கட்டிலில் வைத்தால் கட்டிலைத் தேடிப் போகும். ஏற ஆரம்பித்த பிறகு 'கட்டில்' என்ற சொல்லைச் சேருங்கள். வீட்டில் எல்லாரும் அதே சொல்லைச் சொல்லவேண்டும். பாட்டி ஒரு சொல், பிள்ளைகள் ஒரு சொல் என்றால் குழம்பிவிடும்.

அடுத்து நேரத்தைக் கூட்டுங்கள்: ஐந்து நொடி, பதினைந்து, ஒரு நிமிடம். பிறகு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடியுங்கள். பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சும்மாவே பேசுங்கள். இந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ரூமில் வேறு ஆள் இல்லாமல் நீங்கள் பேசினால் நாய் தன்னிடம்தான் பேசுகிறீர்கள் என்று எழுந்து வரும். செவலை முன்னங்காலை என் தொடையில் வைத்து, முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். நான்கு நாள் யாருமில்லாத மீட்டிங்கில் பேசிய பிறகுதான் அந்தப் பேச்சு தனக்கில்லை என்று விளங்கியது. கடைசியாக, உங்கள் வீட்டு பெல் சத்தத்தைப் போனில் பதிந்து, மெதுவாக வைத்து, நாளுக்கு நாள் கூட்டிப் பழக்குங்கள். கட்டிப்போட்டுப் பழக்காதீர்கள். கட்டிய இடத்தைத் தண்டனையாக நினைத்துவிட்டால் அந்தக் கட்டிலில் அது ஒருநாளும் நிம்மதியாகத் தூங்காது.

முக்கியமான மீட்டிங்குக்கு ஒரு உபாயம்: தயிர்ச்சோற்றை உப்பில்லாமல், வெங்காயமில்லாமல் குழையப் பிசைந்து, கனமான எவர்சில்வர் கிண்ணத்தில் அழுத்தி, இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் கட்டில் பக்கத்தில் வைத்தால் இருபது நிமிடம் நக்கிக்கொண்டிருக்கும். நக்கி முடித்த நாய் தூங்கிவிடும். கறிக்குழம்பில் வெந்த எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

தீபாவளிக்கும், தெருவில் முளைப்பாரி எடுத்து மைக்செட்டும் வேட்டும் போடும் நாட்களிலும் இந்தப் பயிற்சியெல்லாம் எடுபடாது. அன்றைக்கு ஜன்னலில்லாத உள் ரூமில் கட்டிலைப் போட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, முடிந்தால் லீவு போட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: ரோமம், உண்ணி, மேசை மேல் இருக்கும் விஷங்கள்

ரோமத்துக்கு: லேப்டாப்பை ஸ்டாண்டில் உயர்த்தி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை விசிறியைச் சுத்தம் செய்யக் கொடுங்கள், தரையைக் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள். அவ்வளவுதான்.

உண்ணி அப்படிச் சின்ன விஷயமில்லை. நம் வீடுகளில் வரும் பழுப்பு உண்ணி நாயின் மேல் இரத்தம் குடித்துவிட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் கட்டில் சந்திலும் போய் முட்டையிடும். ஒரு உண்ணி இடும் முட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் ரூமில் இருப்பது திரும்ப ஏறும். மேசை போடுவதற்கு முன்பே விரிசல்களை வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள், கட்டில் சந்துகளில் வாரம் ஒரு முறை கொதிநீர் ஊற்றுங்கள், நாய்க்கு மாத்திரையா சொட்டு மருந்தா என்பதை மருத்துவர் சொல்லட்டும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கும், சோர்ந்து சாப்பாட்டை வெறுத்த நாயைத் தாமதிக்காமல் காட்டவேண்டும். எலி நடமாட்டம் உள்ள வீடென்றால் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் தடுப்பூசியும், எல்லா நாய்க்கும் வருடந்தோறும் வெறிநாய்க்கடி தடுப்பூசியும் தவறக் கூடாது.

மேசை மேல் நாம் அலட்சியமாக வைப்பவை: தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன், சாக்லேட், உலர்திராட்சை, சர்க்கரையில்லாத சூயிங்கம். எல்லாமே நாய்க்கு விஷம். இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் அப்படித்தான். கொசுவர்த்திச் சுருளைத் தரையில் வைத்தால் புகை முழுவதும் நாயின் மூக்குக்குத்தான் போகும், ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதே சரி.

செடி வைக்க ஆசையென்றால் மணி பிளான்ட், சோற்றுக்கற்றாழை, சைக்கஸ் வேண்டாம். காம்பவுண்டில் அரளி இருந்தால் நாய் போகாத பக்கமாக மாற்றுங்கள், அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். துளசி வைக்கலாம், மல்லிகை தாராளமாக வைக்கலாம். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லியால் நாய்க்கு ஒரு தீங்கும் இல்லை. வெயில் நன்றாக விழும் ஜன்னலோரத் தொட்டியில் பூக்கும்.

எட்டாம் படி: நாளின் ஒழுங்கு

வெயில் ஏறுவதற்குள், ஆறரை மணிக்கு முன்னால் முதல் நடை. மாலையில் தார்ரோட்டில் புறங்கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அழைத்துப் போங்கள். நமக்குச் செருப்பு இருக்கிறது. காலையில் நன்றாக ஓடிக் களைத்த நாய் பகலெல்லாம் தூங்கும். வளர்ந்த நாய் நாளில் பாதி நேரத்துக்குத் தூங்கவே விரும்பும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவை வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட நாய்கள், கயிற்றில் நடத்திக் கூட்டிவருவது போதாது, சுற்றுச்சுவருள்ள இடத்தில் ஓடவிட வேண்டும்.

வளர்ந்த நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வெளியே விடுங்கள். குட்டிக்கு எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், அதிகம் போனால் ஒன்று கூட. மூன்று மாதக் குட்டியை வைத்துக்கொண்டு நான்கு மணி நேர மீட்டிங் வரிசையைப் போட்டுக்கொள்ளாதீர்கள். இரவு வேலை பார்க்கிறவர்கள் பெரிய விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கு மட்டும் போட்டுக்கொண்டால் நாய் தன் தூக்கத்தைத் தூங்கும்.

வாரம் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லும் வேலை என்றால், இப்போதிலிருந்தே நாளுக்குக் கொஞ்ச நேரம் நாயைத் தனியே விட்டுப் பழக்குங்கள். எப்போதும் கூடவே இருந்து பழகிய நாய், திடீரென்று ஒரு நாள் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கத் தவித்துப்போகும். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து, தெருமுனை வரை போய்வந்து, மெல்ல ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சிக் கூத்தாடாதீர்கள், சாதாரணமாகப் போய்விட்டு சாதாரணமாக வாருங்கள்.

கடைசியாக, முதல் வாரம் எழுதிய அந்தக் கட்டம் போட்ட தாளைத் தூக்கிப்போடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு முறை, தை பிறப்பதற்குள் ஒரு முறை திரும்பக் குறித்துப் பாருங்கள். மார்கழியில் செவலைக்கு நடைத் தரை பிடிப்பதில்லை. எட்டு மணி வெயில் கிழக்கு ஜன்னல் வழியாக விழும் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, வெயில் நகர நகரக் கூடவே நகர்வாள். அதற்காகவே மேசையிலிருந்து பிளக்குக்குப் போகும் ஒயரில், கேப்பிங்குக்குள் மூன்றடி கூடுதலாக விட்டு வைத்திருக்கிறேன். கார்த்திகை தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலை ஜன்னலோரம் போட்டுவிட்டு, கதவுப் பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நானும் தம்பியும் மூன்றடி கிழக்கே நகர்த்துவோம். பங்குனி உத்திரத்துக்குத் திரும்பவும் பழைய இடம்.